திருவல்லிக்கேணியை ஒரு காலைப்பொழுதில் பார்த்துவிட முடியுமா?

கேள்வி: 4 ஜனவரி 2025, இரவு 9.40

வேளச்சேரிக்கு வந்து மூன்று வருடம் ஆகிறது, இன்னும் திருவல்லிக்கேணி ஸ்டேஷனில் இறங்கியதில்லை. அடுத்த வாரம் மதுரையிலிருந்து அம்மா வருகிறார். பார்த்தசாரதி கோயில், பாரதி இல்லம், எங்காவது நல்ல டிபன், இதுதான் திட்டம். ஞாயிறு காலை 9 மணிக்கு வந்தால் மதியத்துக்குள் முடித்துவிடலாமா? மயிலாப்பூர் பார்த்தவர்களுக்கு இது தேவையில்லை என்று அலுவலகத்தில் சொல்கிறார்கள். அங்கேயே குடியிருப்பவர்கள் யாராவது சொல்லுங்கள்.

4 ஜனவரி, இரவு 10.25

9 மணிக்கு வராதீர்கள். காலை 6 மணிக்கு வாருங்கள், 10 மணிக்கு வீட்டுக்குப் போய்த் தூங்குங்கள், இன்னொரு நாள் சாயங்காலம் 6 மணிக்கு மறுபடி வாருங்கள். நான் 2004இலிருந்து இங்கே இருக்கிறேன். நடுப்பகலில் வந்து போனவர்கள் எல்லாரும் "ஒரே நெரிசல்" என்று மட்டும்தான் சொல்வார்கள். அது உண்மைதான். ஆட்டோவும் மாடும் தள்ளுவண்டியும் பள்ளிக்கூட வேனும் ஒரே சந்தில் எதிரெதிரே வந்து நிற்கும்போது எந்த ஊரும் அழகாகத் தெரியாது. கோயில் நடையும் பன்னிரண்டரை வாக்கில் சாத்திவிடுவார்கள், நாலு மணிக்குத்தான் மறுபடி திறப்பார்கள்.

இது மார்கழி. காலையில் தெருவே வேறு மாதிரி இருக்கும். வாசல் தெளித்துக் கோலம் போட்டுக்கொண்டிருப்பார்கள், பால்காரர் சைக்கிள் போகும், மாட வீதியில் திருப்பாவை சொல்லிக்கொண்டு ஒரு கோஷ்டி வரும். குளத்தங்கரையில் பத்து நிமிடம் உட்காருங்கள். அல்லிக்கேணி என்றால் அல்லி பூத்த கேணி, ஊர்ப்பெயரே அந்தக் குளம்தான். கைரவிணி என்பார்கள்.

அப்புறம் கோயில். மூலவர் வேங்கடகிருஷ்ணனுக்குப் பெரிய மீசை உண்டு, அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லாதீர்கள், அவரே பார்க்கட்டும். உற்சவர் பார்த்தசாரதி முகத்தில் தழும்புகள் இருக்கும், குருக்ஷேத்திரத்தில் தேரோட்டியபோது பீஷ்மர் விட்ட அம்பு பட்டவை என்பது ஐதீகம். அந்தக் காயம் எரியக்கூடாதென்று நைவேத்தியத்தில் மிளகாய் சேர்ப்பதில்லை. சர்க்கரைப் பொங்கல் வாங்காமல் வெளியே வராதீர்கள்.

கோயிலுக்குப் பின்புறம் துளசிங்கப் பெருமாள் கோயில் தெரு, இங்கே யாரைக் கேட்டாலும் டி.பி.கோயில் தெரு என்பார்கள். பாரதி கடைசியாக இருந்த வீடு அங்கேதான். கோயில் யானை அவரைத் தள்ளியதும் இங்கேதான், அதில்தான் அவர் போனார்.

4 ஜனவரி, இரவு 11.05

ஒன்று விட்டுப்போனது. 10ஆம் தேதி வெள்ளிக்கிழமை வைகுண்ட ஏகாதசி. அன்றைக்கு முட்டி வலி, மூச்சுத் திணறல் உள்ளவர்கள் யாரும் இந்தப் பக்கம் வர வேண்டாம். முதல் நாள் இரவே தடுப்பு கட்டிவிடுவார்கள், எங்கள் வீட்டுக்கே நாங்கள் சுற்றிக்கொண்டுதான் போவோம்.

5 ஜனவரி, காலை 6.50

நேற்று எழுதியதில் ஒரு தப்பு. தூக்கம் வராமல் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன், ஏனென்றால் நானே இதைப் பலரிடம் திருத்தியிருக்கிறேன்.

பாரதி யானையால் சாகவில்லை. யானை அவரைத் தூக்கி எறிந்தது உண்மை, குவளைக் கண்ணன் உள்ளே பாய்ந்து அவரைத் தூக்கி வந்ததும் உண்மை. ஆனால் காயம் ஆறி எழுந்துவிட்டார், சுதேசமித்திரன் வேலைக்குப் போனார், 1921 ஜூலை கடைசியில் ஈரோடு கருங்கல்பாளையம் வரை போய்ப் பேசிவிட்டு வந்தார். 'மனிதனுக்கு மரணமில்லை' என்பதுதான் அங்கே அவர் பேசிய பொருள். செப்டம்பரில் வயிற்றுக்கடுப்பு வந்தது, அதில்தான் போனார். 11ஆம் தேதி நள்ளிரவு தாண்டி உயிர் பிரிந்ததால் சிலர் 12 என்கிறார்கள், அரசு 11ஆம் தேதியைக் கடைப்பிடிக்கிறது. வயது 38. கிருஷ்ணாம்பேட்டை மயானத்துக்கு உடன் போனவர்கள் இருபது பேர் இருப்பார்களா என்று எழுதியிருக்கிறார்கள்.

யானை கதை சொல்ல வசதியாக இருக்கிறது, அதனால்தான் நிலைத்துவிட்டது. அந்த வீட்டுக்குள் போகும்போது வயிற்றுக்கடுப்பை நினைத்துக்கொள்ளுங்கள். நல்ல தண்ணீரும் மருந்தும் ஓய்வும் கிடைத்திருந்தால் இன்னும் முப்பது வருடம் எழுதியிருக்கக்கூடிய மனிதர்.

5 ஜனவரி, காலை 7.15

தெருப்பெயர் பற்றி ஒருவர் கேட்டிருக்கிறார், துளசிங்கர் யார் என்று. தெள்ளியசிங்கர், அதாவது நரசிம்மர். பேச்சில் தேய்ந்து துளசிங்கர் ஆகிவிட்டார். பார்த்தசாரதி கிழக்கு பார்த்திருக்கிறார், நரசிம்மர் அவருக்கு முதுகு காட்டி மேற்கு பார்த்திருக்கிறார், அந்த மேற்கு வாசல் திறக்கும் தெருவுக்குத்தான் அவர் பெயர். இரண்டு பேருக்கும் தனித்தனிக் கொடிமரம். நரசிம்மர் யோகத்தில் இருப்பதால் அவர் சன்னதிக் கதவு மணிகளுக்கு நாக்கு கிடையாது. பார்த்தசாரதியை மட்டும் சேவித்துவிட்டு வந்த வழியே திரும்புகிறவர்கள் அதிகம். பின்பக்கம் போய்விட்டு வாருங்கள்.

5 ஜனவரி, மதியம் 1.30

டிபன். இதைப் பற்றிச் சண்டை வரும் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன்.

திருவல்லிக்கேணி நெடுஞ்சாலையில் ரத்னா கபே. 1948இலிருந்து இருக்கிறது. இட்லி கேளுங்கள், சாம்பாரைக் கிண்ணத்தில் தர மாட்டார்கள், ஜக்கில் கொண்டுவந்து இட்லி முழுகும்வரை ஊற்றுவார்கள், இன்னும் வேண்டுமென்றால் இன்னும் ஊற்றுவார்கள். தொட்டுச் சாப்பிடுகிறவர்களுக்கு முதலில் சங்கடமாக இருக்கும். ஸ்பூனை எடுத்துக்கொண்டு இட்லியை உடைத்துவிடுங்கள், அவ்வளவுதான். அந்த இட்லி அதற்காகவே செய்தது.

மதியச் சாப்பாடு என்றால் அக்பர் சாகிப் தெருவில் காசி விநாயகா மெஸ். டோக்கன் வாங்கிக்கொண்டு வெளியே நிற்க வேண்டும், எண்ணைக் கூப்பிட்டதும் உள்ளே போக வேண்டும். மீன் வேண்டுமென்றால் சேப்பாக்கம் ஸ்டேடியத்துக்கு அருகே ஒரு சந்துக்குள் நாயர் மெஸ், 1961இலிருந்து. இரண்டிலுமே கூடிப் பேசிக்கொண்டு உட்கார இடமில்லை, அடுத்தவர் நிற்பார். இதை மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்ளாதீர்கள், மேன்ஷனில், அதாவது மாத வாடகைக்கு அறை விடும் விடுதியில், இருக்கும் பையன்கள் சாப்பிட்டுவிட்டு வேலைக்கு ஓடுவதற்காக உண்டான இடங்கள் இவை.

சாயங்காலம் வந்தால் ஜாம்பஜார் பக்கம் தம்ரூட் வாங்குங்கள். ரவையும் பால்கோவாவும் நெய்யும், மேலே கொஞ்சம் கருகினாற்போல் இருக்கும். கருகிய மேல்பாகத்துக்குத்தான் வீட்டில் போட்டி.

6 ஜனவரி, இரவு 10.10

மேன்ஷன் என்று எழுதியதும் பலர் அவரவர் கதையைச் சொல்லியிருக்கிறீர்கள். சரி, என்னுடையதையும் சொல்கிறேன்.

2004 ஜூனில் சங்கரன்கோவிலிலிருந்து ஒரு பெட்டியோடு வந்தேன். மூன்று பேருக்கு ஒரு அறை, ஆளுக்கு 800 ரூபாய். ஒரு கட்டில், மற்ற இருவருக்குப் பாய், வாரம் ஒருமுறை கட்டில் கைமாறும். மாடிக்கு இரண்டு குளியலறை, அதனால் நாலரைக்கே எழுந்துவிடுவேன், குளித்துவிட்டு அறைக்குப் போனால் மற்றவர்கள் தூக்கம் கெடும் என்று குளத்தங்கரைக்கு வந்து உட்காருவேன். காலை 6 மணிக்கு வாருங்கள் என்று உங்களுக்குச் சொல்வது அந்தப் பழக்கத்தில்தான். வேறு யாரையும் தெரியாத ஊரில் அந்தப் படிக்கட்டு எனக்குக் கூடம் மாதிரி இருந்தது. அங்கே தினமும் வரும் ஒரு மாமி மூன்றாவது மாதம் "நீ எந்த ஊர்ப்பா" என்று கேட்டார். சென்னையில் என்னிடம் முதலில் அதைக் கேட்டவர் அவர்தான், அன்றைக்கு வீட்டுக்குக் கடிதம் எழுதினேன்.

கோடையில் மொட்டைமாடியில் படுப்போம். சேப்பாக்கத்தில் மேட்ச் நடந்தால் கூட்டத்தின் சத்தம் நேராக மேலே வரும். கீழே மானேஜர் அறை டிவியில் விக்கெட் விழுவதற்குச் சில நொடி முன்னாலேயே மாடியில் இருக்கும் எங்களுக்குத் தெரிந்துவிடும்.

காலி செய்யும்போது அட்வான்ஸ் மூன்று மாதப் பணம் திரும்பி வரவில்லை, அது தனிக் கதை.

7 ஜனவரி, காலை 8.00

"பாரதி சாலை பழைய புத்தகக் கடையெல்லாம் இன்னும் இருக்கிறதா?" இருக்கிறது, குறைந்துவிட்டது. முன்பு பைகிராப்ட்ஸ் ரோடு. என்னைவிட மூத்தவர்கள் இன்னும் அந்தப் பெயரைத்தான் சொல்வார்கள். பாடப்புத்தகம், போட்டித்தேர்வுக் கையேடு அதிகம், நடுவில் துழாவினால் வேறு ஏதாவது கிடைக்கும்.

2005இல் கையில் காசில்லாத ஒரு மாதம் என்னுடைய இயந்திர வரைபடப் புத்தகத்தை அங்கே 60 ரூபாய்க்குப் போட்டேன். மூன்று வாரம் கழித்துச் சம்பளம் வந்ததும் ஓடிப்போய்ப் பார்த்தேன், அதே இடத்தில் இருந்தது, 110 ரூபாய் சொன்னார். அது அப்பா வாங்கித் தந்த புத்தகம், முதல் பக்கத்தில் அவர் கையெழுத்து. கடைக்காரர் அந்தப் பக்கத்தைப் பார்த்துவிட்டு 60 ரூபாயே கொடுப்பா என்றார். இன்றைக்கும் அந்த வரிசையைக் கடக்கும்போது நின்று ஒரு புத்தகமாவது புரட்டாமல் போக மாட்டேன்.

9 ஜனவரி, இரவு 9.20

மயிலாப்பூர் போதும் என்பவர்களுக்கு இதுவரை நான் பதில் சொல்லவில்லை. மயிலாப்பூர் எனக்கும் பிடிக்கும், அதைக் குறைத்துப் பேச ஒன்றுமில்லை. ஆனால் திருவல்லிக்கேணியைக் கோயில் ஊர் என்று மட்டும் நினைத்து அதோடு ஒப்பிட்டால் பாதி ஊர் விட்டுப்போகும். பார்த்தசாரதி கோயிலிலிருந்து பெரிய பள்ளிவாசலுக்குப் பத்துப் பதினைந்து நிமிட நடை. நவாப் முகமது அலி வாலாஜா 1795இல் கட்டியது, முழுக்கக் கருங்கல், மரமும் இரும்பும் சேர்க்காமல் எழுப்பியது. உள்ளே கட்டிய ஆண்டைக் குறிக்கும் பாரசீகக் கல்வெட்டு இருக்கிறது, அந்த வரிகளை எழுதிக்கொடுத்தவர் மக்கன்லால் என்ற இந்துக் கவிஞர். வளாகத்திலேயே காயிதே மில்லத் அடக்கம். தொழுகை நேரம் தவிர்த்துப் போனால், வாசலில் கேட்டுவிட்டு உள்ளே நிற்கலாம். அந்தப் பெரிய முற்றத்தில் நெடுஞ்சாலை ஹாரன் சத்தம் எங்கே போனதென்றே தெரியாது.

10 ஜனவரி, காலை 5.30

சொர்க்கவாசல் திறந்தாயிற்று. தெருவில் கால் வைக்க இடமில்லை, நான் ஜன்னலில் இருந்தே கும்பிட்டுக்கொண்டேன்.

பள்ளிவாசல் பற்றி வந்த திருத்தம் சரியானது. நவாபே கட்டினார் என்று எழுதிவிட்டேன். 1795 அக்டோபரில் அவர் இறந்துவிட்டார், அவர் குடும்பத்தார் அவர் நினைவாகக் கட்டியது.

13 ஜனவரி, இரவு 8.45

கேள்வி கேட்டவர் நேற்று அம்மாவோடு வந்து போயிருக்கிறார். அவர் எழுதியதைப் படித்துவிட்டு இரண்டு விஷயம் சொல்ல வேண்டும்.

முதலாவது, மன்னிக்க வேண்டும். ஸ்டேஷன் பறக்கும் ரயில் ஸ்டேஷன், மேலே இருக்கிறது, இறங்கப் படி நிறைய. என் கால்களுக்குப் பத்து நிமிட நடை என்பதால் அதைப் பற்றி யோசிக்கவே இல்லை. முட்டி வலி என்று பிறகுதான் அவர் சொன்னார், ஆனால் மதுரையிலிருந்து அம்மா வருகிறார் என்றதுமே நான் கேட்டிருக்க வேண்டும். பெரியவர்களோடு வருகிறவர்கள் ரயிலில் வராமல் ஆட்டோவில் குளத்தங்கரை வரை வந்துவிடுங்கள். உங்கள் அம்மா பாதி வழியில் ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்ததும், அந்த வீட்டுக்காரர் உள்ளேயிருந்து வெந்நீர் கொண்டுவந்து கொடுத்ததும் படித்தேன். இன்னும் திண்ணை வைத்திருக்கும் வீடுகள் இங்கே கொஞ்சம்தான் மிச்சம். அவை இடிந்து அடுக்குமாடி எழும்பும்போது வருகிறவர்கள் உட்கார இடம் போய்விடுகிறது.

இரண்டாவது, அம்மா கேட்ட கேள்வி. "என்னடா இது, தெருவுக்கு நாலு வீட்டில் 'டூ லெட்' போர்டு தொங்குது, இந்த ஊரில் யாருக்குமே சொந்த வீடு இல்லையா?" இருபது வருடத்தில் எனக்கு இது தோன்றவில்லை. இன்றைக்கு முழுவதும் வேலையில் இதே நினைப்பு.

14 ஜனவரி, மாலை 5.00

பொங்கல் விடுமுறை, உட்கார்ந்து யோசித்ததை எழுதுகிறேன், நீளமாகத்தான் வரும்.

அம்மா சொன்னது ஊரின் அடிமடியில் இருக்கும் விஷயம். இந்த ஊரே ஒரு காலத்தில் வாடகைக்குப் போனது. 1676இல் கோல்கொண்டா சுல்தானிடமிருந்து வருடத்துக்கு 50 வராகன் பேசி ஆங்கிலேயர் எடுத்துக்கொண்டார்கள். கோட்டைக்கு வெளியே அவர்கள் கைக்கு வந்த முதல் கிராமங்களில் ஒன்று திருவல்லிக்கேணி.

அடுத்து நவாப், ஆர்க்காட்டிலிருந்து வந்தவர். 1768இல் சேப்பாக்கம் அரண்மனை எழும்பியது, அவரோடு வந்த கூட்டம் சுற்றிலும் குடியேறியதால்தான் ஜாம்பஜாரும் உருதுப் பேச்சும் தம்ரூட்டும் இங்கே இருக்கின்றன. கும்பினி, அதாவது கிழக்கிந்தியக் கம்பெனி, ஆட்களிடம் அவர் வாங்கிய கடன் கடைசிவரை தீரவில்லை. 1855இல் கடைசி நவாப் வாரிசில்லாமல் இறந்ததும் கும்பினி பட்டத்தையே ஒழித்தது, அரண்மனை ஏலத்துக்கு வந்தது, அரசாங்கமே எடுத்துக்கொண்டது. 2012இல் அதில் கலஸ் மகால் எரிந்தபோது மேன்ஷன் மொட்டைமாடிகளில் எல்லாரும் நின்று பார்த்தார்கள், நானும் பார்த்தேன். பிறகு சீர்செய்துவிட்டார்கள், பசுமைத் தீர்ப்பாயம் அங்கே நடக்கிறது.

1878இல் திருவல்லிக்கேணி இலக்கியச் சங்கத்து இளைஞர்கள் ஆறு பேர், அதில் இரண்டு பேர் ஆசிரியர்கள், நான்கு பேர் சட்டம் படித்தவர்கள், ஒரு ரூபாய் பன்னிரண்டு அணா கடன் வாங்கி 80 பிரதி அடித்து 'தி ஹிந்து'வைத் தொடங்கினார்கள். 1897 பிப்ரவரியில் விவேகானந்தர் ஒன்பது நாள் ஐஸ் ஹவுஸில் விருந்தாளியாக இருந்தார். அந்தக் கட்டடமே அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த ஐஸ்கட்டியை வைக்க 1842இல் கட்டியது. இங்கேயே ஐஸ் செய்ய ஆரம்பித்ததும் வியாபாரம் படுத்தது, வீடு கைமாறியது.

1913இல் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் உதவித்தொகை தந்ததும் ராமானுஜன் அனுமந்தராயன் கோயில் தெருவுக்குக் குடிவந்தார். அடுத்த வருடம் மார்ச் 17 கப்பலேறிவிட்டார். அவர் போன பிறகு நடந்தது எனக்கு இன்னும் பெரிதாகப் படுகிறது. கணவரை இழந்த ஜானகி அம்மாள் பம்பாயில் அண்ணன் வீட்டில் இருந்துவிட்டு இதே திருவல்லிக்கேணிக்குத் திரும்பி வந்தார், தையல் தைத்தே பிழைத்தார், ஒரு பையனை எடுத்து வளர்த்தார், 1994இல் இறக்கும்வரை இங்கேதான். நான் வருவதற்குப் பத்து வருடம் முன்புவரை இந்தத் தெருக்களில் நடமாடியிருக்கிறார். ராமானுஜன் வீடு எங்கே என்று கேட்டு வருகிறவர்கள் உண்டு, ஜானகி அம்மாள் எங்கே இருந்தார் என்று யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை.

பாரதி வீடும் வாடகை வீடுதான். அரசு அதை வாங்கி நினைவு இல்லமாக்கியது 1993இல்.

1910களில் டாக்டர் நடேச முதலியார் பிராமணரல்லாத மாணவர்களுக்காகத் திராவிடர் இல்லம் என்று ஒரு விடுதி நடத்தினார், அதுவும் திருவல்லிக்கேணியில். வெளியூரிலிருந்து படிக்க வந்த பையன்களுக்குச் சாதி பார்த்து இடமும் சோறும் மறுத்த காலம் அது. ஐஸ் ஹவுஸிலிருந்து மயிலாப்பூர் போகும் சாலைக்கு அவர் பெயர் இருக்கிறது. நான் இருந்த மேன்ஷனில் எந்த ஊர் என்று கேட்டார்கள், சாதியைக் கேட்கவில்லை. அதை அப்போது நான் கவனிக்கக்கூட இல்லை.

அதனால் உங்கள் அம்மாவிடம் சொல்லுங்கள், சொந்த வீட்டுக்காரர்கள் இருக்கிறார்கள், தலைமுறை தலைமுறையாக மாட வீதியில் இருப்பவர்கள் உண்டு. ஆனால் ஊரை நிறைத்ததில் பெரும்பங்கு பெட்டியோடு வந்தவர்களுக்கு உண்டு. ரத்னா கபேகூட வடநாட்டிலிருந்து வந்த குடும்பத்துடையது.

14 ஜனவரி, இரவு 9.30

மறுபடி படித்துப் பார்த்தேன். சாதி பற்றி எழுதிய வரி முழு உண்மையாக இல்லை. மேன்ஷனில் கேட்கவில்லை. 2009இல் கல்யாணமாகி வீடு தேடியபோது கேட்டார்கள். நேராகக் கேட்கவில்லை, சைவமா என்று கேட்டார்கள், சொந்த ஊரில் எந்தத் தெரு என்று கேட்டார்கள். பதினோரு வீடு பார்த்தோம். பன்னிரண்டாவது வீட்டில் ஒரு பாய் எதுவுமே கேட்காமல், தண்ணி மோட்டார் சுவிட்ச் எங்கே இருக்கிறது என்று மட்டும் காட்டினார். ஆறு வருடம் அந்த வீட்டில் இருந்தோம். ஊர் மேல் இருக்கும் ஆசையில் இதை மறைத்துவிடக்கூடாது, அதனால் எழுதுகிறேன்.

9 மார்ச், இரவு 8.15

நோன்பு தொடங்கி ஒரு வாரம். சாயங்காலம் வரச் சொன்னது நினைவிருந்தால் இந்த மாதம் வாருங்கள். ஆறு மணிக்குப் பெரிய பள்ளிவாசல் பக்கம் நடந்தால் வெள்ளைத் தொப்பி அணிந்த தன்னார்வலர்கள் வரிசையாகத் தட்டுகளும் வாளிகளும் எடுத்துப் போவதைப் பார்க்கலாம். அவர்களில் பலர் முஸ்லிம்கள் இல்லை, சிந்திகள். பிரிவினையில் வீடு வாசலை விட்டு இங்கே வந்த குடும்பங்கள், மயிலாப்பூர் சூஃபிதார் அறக்கட்டளையிலிருந்து பல வருடமாக நோன்பு திறக்கச் சமைத்துக் கொண்டுவந்து தாங்களே பரிமாறுகிறார்கள். படம் எடுக்காதீர்கள், பசியோடு பாங்குக்காகக் காத்திருக்கும் நேரம் அது. எட்டு மணிக்கு மேல் நெடுஞ்சாலைக் கடைகள் களைகட்டும்போது எவ்வளவு வேண்டுமானாலும் எடுங்கள்.

10 மார்ச், காலை 7.40

கோஷா ஆஸ்பத்திரி எங்கே என்று ஒருவர் வரைபடத்தில் தேடிக் கிடைக்கவில்லையாம். கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை என்று தேடுங்கள். 1885இல் தொடங்கியது, ஆண் டாக்டர்கள் முன்னால் வரமுடியாத கோஷாப் பெண்களுக்காக. பெயர் மாறி எத்தனையோ வருடம் ஆகியும் இங்கே யாரும் மாற்றிக்கொள்ளவில்லை. என் மகள் அங்கேதான் பிறந்தாள்.

27 ஏப்ரல், இரவு 10.50

கேள்வி கேட்டவர் டி.பி.கோயில் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி வீடு பார்த்திருக்கிறாராம், அம்மாவும் கூட வந்து இருக்கப்போகிறாராம், அட்வான்ஸ் பத்து மாதம் கேட்கிறார்கள், கொடுக்கலாமா என்கிறார்.

பத்து மாதம் கொடுக்காதீர்கள், ஐந்தில் பேச்சை ஆரம்பித்து ஆறில் நிறுத்துங்கள். எவ்வளவு கொடுத்தாலும் ஒப்பந்தத்தில் தொகையை எழுத்தால் எழுதச் சொல்லுங்கள், காலி செய்யும் நாளிலேயே திருப்பித் தர வேண்டும் என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். நான் மூன்று மாதப் பணத்தை விட்டது அந்த ஒரு வரி இல்லாததால்தான். தரைத்தளம் என்றால் மழைக்காலத்தில் எதுவரை தண்ணீர் ஏறும் என்று சுவரில் கறை பாருங்கள், புதிதாகச் சுண்ணாம்பு அடித்திருந்தால் அந்த வீட்டை விட்டுவிட்டு அடுத்த வீட்டுச் சுவரைப் பாருங்கள். குடிநீர் எத்தனை மணிக்கு வருகிறது என்பதை வீட்டுக்காரரிடம் கேட்காமல் கீழே குடியிருப்பவரிடம் கேளுங்கள். முதல் மாடி என்றால் அம்மாவுக்குப் படி எத்தனை, கைப்பிடி இருக்கிறதா என்று எண்ணிவிட்டுச் சொல்லுங்கள்.

இந்த ஞாயிறு ஆறு மணிக்குக் குளத்தங்கரைக்கு வந்தால் நானும் கூட வந்து வீட்டைப் பார்க்கிறேன்.